மறதி நோயும் நடுவயதும்

முதுமையில் பெயர்களும் பொருள் வைத்த இடமும் மறந்துபோதல் இயல்பு. அல்ஸைமர் நோய் அஃதன்று. 1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், 51 வயதுடைய பெண்மணியொருத்தியை அலோய்ஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர் பரிசோதித்தார். 1906-இல் அவள் இறந்தபின், மூளையை நுண்ணோக்கியால் நோக்கி, நரம்பணுக்களுக்கிடையே படிவுகளையும், அணுக்களுள்ளே நூற்சிக்கல்களையும் கண்டார். இப்படிவுகள் மறதி வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்குகின்றன என்பது இப்போது தெளிந்துள்ளது. ஆதலின் எழுபதில் தோன்றும் நோயின் வேரை ஐம்பதில் தேடல் வேண்டும்.

தேடுவதெங்ஙனம்? நோயாளியைக் கேட்போமாயின், அவர் நினைவே அழிந்துள்ளது. உறவினரைக் கேட்போமாயின், பின்வந்த துயரம் முன்னிகழ்ச்சிகளுக்கு நிறமூட்டிவிடும். முதுமையில் இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்போமாயினோ, நோய் முற்றுங்கால் அழுத்தமும் உடலெடையும் குறைவதுண்டாதலின், காரியம் காரணத்தை மறைத்துவிடும்.

இதற்கு ஒரு வழி பின்லாந்து தேசத்திற் கிடைத்தது. அந்நாட்டின் கிழக்கிலுள்ள வடகரேலியாவில் நடுவயது ஆடவர் பலர் இருதய நோயால் மாண்டமையின், 1972-இல் பெரியதொரு தடுப்பு முயற்சி தொடங்கிற்று. அவ்வாண்டிலும், 1977, 1982, 1987-ஆம் ஆண்டுகளிலும், அம்மாகாணத்தாரும் அண்டையிலுள்ள குவோப்பியோ மாகாணத்தாரும் பரிசோதிக்கப்பெற்று, அவர்தம் இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், எடை, புகைப்பழக்கம் முதலியன ஏட்டிற் பதியப்பெற்றன. மறதி நோய் அவ்வேடுகளின் நோக்கமன்று. 1998-இல் மியா கிவிபெல்ட்டோவும் குழுவினரும் அவருள் 65 முதல் 79 வயதினரான 1,449 பேரின் நினைவாற்றலைச் சோதித்து, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டனர்.

முடிவு 2001-இல் வெளியாயிற்று. நடுவயதில் மேலழுத்தம் 160-ஓ அதற்கு மேலோ இருந்தோர்க்கு இந்நோய் நேரும் வாய்ப்பு இயல்பான அழுத்தமுடையோரைக் காட்டிலும் இருமடங்கிற்குச் சற்று மிகுதி. கொலஸ்டிரால் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தோர்க்கும் அவ்வாறே. இரண்டும் ஒருங்கே உடையோர்க்கோ மூன்றரை மடங்கு. கீழழுத்தத்திற்கு அத்தகைய தொடர்பு புலப்படவில்லை.

இதனை நாம் மிகைப்படுத்தல் தகாது. அல்ஸைமர் நோயுற்றோராகக் காணப்பெற்றவர் 48 பேரே. சோதனைக்கு முன் இறந்தோர் கணக்கில் வந்திலர். மிகையழுத்தமுடையோருட் சிலர் அவருள் அடங்கியிருத்தல் கூடும். தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதைத் தருக்க நூல் பயிலும் மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பிற நாட்டு ஆராய்ச்சிகள் பலவும் நடுவயதின் மிகையழுத்தத்தையே சுட்டுகின்றன. 2024-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழின் குழுவொன்று அதனோடு நீரிழிவு, செவிப்புலக்குறைவு, தலைக்காயம் முதலியவற்றையுஞ் சேர்த்து, மாற்றத்தக்க ஏதுக்கள் பதினான்கு எனத் தொகுத்தது. செவிப்புலக்குறைவு இத்தொகுதியில் இடம்பெற்றமை எமக்கு வியப்பாயிருந்தது. நம்மவர் அதனை நகைத்துவிடுவரேயன்றி மருத்துவரிடம் காட்டுதல் அரிது.

பழைய ஏடுகள் பிறிதொரு பொருட்டு எழுதப்பெற்றமையால், மூளையின் நிலையை அவை உரைக்கமாட்டா. இக்குறையை நீக்கவே பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 40 முதல் 59 வயதினர் எழுநூற்றுவரைச் சேர்த்து, மூளைப்படமும் இரத்தமும் நினைவுச்சோதனையுமாக ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. அவருட் பலர் இந்நோயுற்ற தாயையோ தந்தையையோ உடையவர். தமக்கு அது வருமோ வாராதோ என்றறியாமலே அவர்கள் மீண்டும் மீண்டும் சோதனைக்கு உட்படுகின்றனர். நம் ஆசிரியருட் பலர் அவ்வயதினரே.