தைத்த விரல் மடங்க: எந்த வழி, எந்த வாரம்?

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கண்ணாடி டம்ளர் கைக்குள்ளேயே உடைந்தது. வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் அடிப்பக்கத்தில் வெட்டுப்பட்டன. பார்வைக்குச் சின்னக் காயம். ஆனால் இரண்டு விரல்களும் மடங்கவில்லை. பக்கத்து ஊர் மருத்துவமனையில் அன்றிரவே உள்ளே அறுந்ததைத் தைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். “கையை அசைக்கவே கூடாது, ஆறு வாரம் கழிச்சு வாங்க” என்று அனுப்பினார்கள். சொன்னதை அப்படியே கேட்டேன். கட்டைப் பிரித்த அன்று இரண்டு விரல்களும் பாதி வளைந்தபடி விறைத்து நின்றன. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

அந்த ஆறு வாரத்தை வேறு விதமாகக் கழித்திருக்க முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. கையில் பெரிய அடிபட்டு, தையல் போட்டு, ‘அடுத்து என்ன’ என்று புரியாமல் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். பவர் பிரஸ்ஸில் கை மாட்டியவர், கண்ணாடியில் கிழித்துக்கொண்டவர், அரிவாள் பட்டவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

அறுந்தது நாணா, நரம்பா?

நம் பேச்சில் கைக்குள் அறுந்தது எதுவானாலும் ‘நரம்பு கட் ஆயிடுச்சு’தான். இந்த ஒரு சொல்லால் பலர் தவறான வழியில் காத்திருக்கிறார்கள். டெண்டன் எனப்படும் தசைநாண் வேறு, நரம்பு வேறு. விரலை மடக்கும் தசைகளில் பெரியவை முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் நாண், கிணற்றுக் கயிறு ராட்டினத்தின் மேல் ஓடுவதுபோல, விரலிலுள்ள சிறு வளையங்களுக்குள் ஓடி எலும்பில் போய்ப் பிடிக்கிறது. அது அறுந்தால் விரல் மடங்காது. நரம்பு மூளையின் கட்டளையைக் கொண்டுபோகிறது, தொடு உணர்வைக் கொண்டுவருகிறது. விரலில் அது அறுந்தால் மரத்துப்போகும். மணிக்கட்டிலோ அதற்கு மேலோ அறுந்தால் சில தசைகளும் செயலிழக்கும்.

நாணின் கணக்கு வாரங்களில், நரம்பின் கணக்கு மாதங்களில். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் எது எழுதியிருக்கிறது, எந்த இடத்தில், எத்தனை விரலில் என்று கேட்டுத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பு முறிந்து கம்பி போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லா முடிவும் இதை வைத்துத்தான்.

தைத்த நாணுக்கு மூன்று வழிகள்

உள்ளங்கையின் மேல்கோட்டிலிருந்து விரலின் நடுப்பகுதி வரையுள்ள இடம் கை மருத்துவத்தில் பேர்பெற்ற சிக்கலான பகுதி. அங்கே ஒவ்வொரு விரலிலும் இரண்டு நாண்கள் ஒரே குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் அதை ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்று அழைத்தார். அங்கே உடனே தைத்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், தோலை மூடிவிட்டுப் பிறகு வேறு நாண் வைத்துச் சரிசெய்வதே மேல் என்பது அந்தக் காலத்து முடிவு. 1967-இல் லூயிவில்லைச் சேர்ந்த ஹரால்டு கிளைனர்ட், அங்கேயும் உடனே தைத்து, ரப்பர் பேண்டு கட்டி விரலை அசையவிட்டு நல்ல பலன் கிடைத்ததைக் காட்டினார். இன்றைய மருத்துவர்களின் விவாதம் அசைக்கலாமா என்பதைத் தாண்டிவிட்டது. எப்போது, எவ்வளவு, எப்படி என்பதே கேள்வி.

முதல் வழி, அசைக்காமல் கட்டிவைப்பது. நாண் அறுந்துபோகும் பயம் குறைவு. பக்கத்துத் திசுவோடு ஒட்டிப்போகும் வாய்ப்பு மிக அதிகம். எனக்கு நடந்தது அதுதான். ஆனாலும் இதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாத சின்னக் குழந்தைகளுக்கு இதுவே சரி. மூன்று நான்கு வாரம் கட்டில் இருந்தாலும் குழந்தையின் விரல் பெரும்பாலும் நன்றாகத் திரும்பிவிடும். மனநோயாலோ குடியாலோ தன் கையைத் தானே காத்துக்கொள்ள முடியாத பெரியவர்களுக்கும் மருத்துவர் இதைத் தேர்வுசெய்யக்கூடும். மற்றப் பெரியவர்களுக்கு ‘ஆறு வாரம் கழிச்சு வாங்க’ என்று மட்டும் சொன்னால், காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, பிறர் கையாலோ மற்றொரு கையாலோ மடக்குவது. கையின் புறப்பக்கத்தில் ஸ்பிளின்ட் இருக்கும். அது மணிக்கட்டும் விரல்களும் ஓரளவுக்கு மேல் பின்னால் போகாமல் தடுக்கும். அதற்குள்ளேயே நல்ல கையால் விரலை மெல்ல மடக்கி, ஸ்பிளின்ட் தடுக்கும்வரை நிமிர்த்த வேண்டும். 1975-இல் டுரானும் ஹவுசரும் விளக்கிய முறை இது. நாண் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒட்டாமல் காக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கிளைனர்டின் முறையில் ரப்பர் பேண்டு மடக்கும், நோயாளி நிமிர்த்துவார். அதில் ஒரு குறை உண்டு: விரலின் நடு மூட்டு வளைந்தே நின்றுபோகலாம். ராத்திரியில் பேண்டைக் கழற்றி விரலை நேராக வைத்துக் கட்டச் சொல்வது அதனால்தான்.

மூன்றாவது, தன் தசையாலேயே மெதுவாக மடக்குவது. 1989-இல் பெல்பாஸ்ட் மருத்துவர்கள் இதன் பலனை வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. அறுவை முடிந்த மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் தொடங்குவார்கள். முதல் வாரத்தில் கால் முஷ்டி, பிறகு அரை, பிறகு முக்கால் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். நாண் நன்றாக வழுக்கி ஓடுவது இதில்தான். அறுந்துபோகும் ஆபத்தும் இதில்தான் கூடுதல், ஏனென்றால் தைத்த இடம் முதல் இரண்டு மூன்று வாரம் மிகவும் பலவீனமாக இருக்கும். ஆகவே உள்ளே போட்ட தையல் தாங்குவதாக இருக்க வேண்டும். குறைந்தது நான்கு இழை நாணைக் கடந்து போயிருக்க வேண்டும். அறுவை செய்தவரிடம், “தானாக மடக்கும் பயிற்சியை இந்தத் தையல் தாங்குமா டாக்டர்?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் நேராக வரும்.

என் கருத்து இது. தையல் தாங்கும், வாரம் ஒருமுறையாவது கை சிகிச்சை தெரிந்தவரைப் பார்க்க முடியும், கட்டுப்பாடாக இருக்க முடியும் என்றால் மூன்றாவது வழி. இதில் ஒன்று குறைந்தாலும் இரண்டாவது. தூரத்துக் கிராமத்திலிருந்து மாதம் ஒருமுறைதான் வர முடியும் என்பவர் மூன்றாவதை வலிந்து கேட்க வேண்டாம். இரண்டாவதைச் சரியாகச் செய்தவரின் விரல், மூன்றாவதை அரைகுறையாகச் செய்தவரின் விரலைவிட நன்றாக மடங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டில் எந்த வழியானாலும் பகலில் ஏறக்குறைய மணிக்கு ஒருதரம், பத்துப் பத்துத் தடவை. ஸ்பிளின்ட் பெரும்பாலும் ஆறு வாரம், தூக்கத்திலும். குடம் தூக்க, பாரம் இழுக்கப் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். நிறையப் பேர் தவறுவது எட்டாவது வாரத்தில்தான். கை நன்றாகிவிட்டதுபோல் இருக்கும், வண்டி ஓட்டுவார்கள், பை தூக்குவார்கள். திடீரென்று ‘பட்’ என்ற உணர்வு வந்து, மடங்கிய விரல் மடங்காமல் போனால், வலி இல்லாவிட்டாலும் அன்றே அறுவை மருத்துவரைப் பாருங்கள். சில நாளுக்குள் என்றால் திரும்பத் தைக்க வழி இருக்கும்.

ஸ்பிளின்டும் வீக்கமும்

வெந்நீரில் மென்மையாக்கி உங்கள் கைக்கேற்ப வளைத்துச் செய்யும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் இலேசானது, சுத்தம் செய்ய எளிது. வெயிலில் நிற்கும் காரில் விட்டால் உருமாறிவிடும். பணம் இல்லையென்றால் மாவுக்கட்டிலேயே அதே கோணத்தில் செய்யலாம். கோணம் சரியாக இருப்பதுதான் முக்கியம். கடையில் தொங்கும் பொது அளவு மணிக்கட்டுப் பட்டை இதற்கு உதவாது.

வீக்கம் இருக்கும்வரை கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். தூக்கத்தில் தலையணை மேல் வையுங்கள். மோதிரத்தை முதல் நாளே கழற்றுங்கள். அடிபடாத விரல்களையும் முழங்கையையும் தோளையும் எப்படி அசைப்பது என்று கேட்டு அசையுங்கள். தூளியில் கையைத் தொங்கவிட்டு இரண்டு மாதம் கழித்துத் தோள் இறுகி வந்தவர்களை நிறையப் பார்க்கலாம்.

பந்து, எண்ணெய், கையுறை

காயம் பட்டதும் உறவினர் வாங்கி வருவது மஞ்சள் நிற ரப்பர் பந்து. தைத்த நாணுக்கு அது ஆபத்து. பிடித்து அழுத்துவது பலத்துக்கான பயிற்சி. தொடக்கத்தில் வேண்டியது ஓட்டம். எனக்குச் சிகிச்சை தந்த இளம்பெண் சொன்னது: “அக்கா, பலம் தானா பின்னாடி வரும். முதல்ல உள்ள வழுக்கணும்.” பந்து பன்னிரண்டாவது வாரத்துக்கு மேல்.

காயம் ஆறி மூடிய பிறகு தழும்பை எண்ணெய் தொட்டு விரலால் அழுத்தி நீவுவது நல்லது. ஆனால் உருவிவிடுகிறேன் என்று இழுத்துச் சொடுக்குபவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். மெழுகு ஒத்தடம் மூட்டு இளக உதவும், உடனே பயிற்சி செய்தால் மட்டும். மரத்துப்போன விரலை மெழுகில் விடக் கூடாது. காற்றடைத்துத் தானே மடக்கும் கையுறைகள் பக்கவாதத்தில் தளர்ந்த கைக்கு ஓரளவு பயன்படலாம். தைத்த நாணுக்கு வாங்க வேண்டாம்.

வலியால் கையைத் தொடவே விடாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி ஒரு நல்ல துணை. நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அசைக்கும் இந்த முறையை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில், இழந்த கையில் வலி உணர்பவர்களுக்காக உருவாக்கினார்.

நரம்பு என்றால்: காத்திருப்பதா, நாணை மாற்றுவதா?

தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனிக்கு உணர்வு வர ஆறேழு மாதம். முழங்கைக்கு மேல் என்றால் கைக்குள்ளிருக்கும் சின்னத் தசைகளை அது எட்ட ஒரு வருடத்துக்கு மேல். ஒன்று ஒன்றரை வருடம் கட்டளை வராத தசை, பிறகு நரம்பு வந்தாலும் எழாமல் போகலாம். அதனால்தான் இங்கே தேர்வு தேவைப்படுகிறது. காயம் கீழே, வயது குறைவு, தையல் உடனே நடந்தது என்றால் காத்திருக்கலாம். அதுவரை விரல்களை மற்றக் கையால் முழுதும் மடக்கி நிமிர்த்தி மூட்டு இறுகாமல் வைத்திருக்க வேண்டும். காயம் மேலே, அல்லது நாள் கடந்துவிட்டது என்றால், வேலை செய்யும் தசையின் நாண் ஒன்றை எடுத்துச் செயலிழந்த இடத்தில் பொருத்தும் அறுவையைப் பற்றிப் பேசத் தாமதிக்காதீர்கள். இதில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு நாண் மாற்று அறுவை செய்து, பிச்சைக்கு மட்டும் நீண்ட கைகளை வேலைக்குத் திருப்பினார்.

மரத்த கைக்குச் சூடு தெரியாது. தோசைக்கல், டீ டம்ளர், சைலன்சர் எதையும் முதலில் நல்ல கையால் தொட்டுப் பாருங்கள்.

இறுகிப்போன விரலுக்கு

என்னைப்போல் தாமதமாக வந்தவர் தனக்குத்தானே செய்துகொள்ளக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஆனால் தைத்து மூன்று மாதம் ஆன பிறகுதான். விரலைத் தானாக மடக்கிப் பாருங்கள். பிறகு மற்றக் கையால் மடக்குங்கள். மற்றக் கையால் முழுதும் மடங்குகிறது, தானாக மடங்கவில்லை என்றால் நாண் ஒட்டியிருக்கிறது, அல்லது அறுந்திருக்கிறது. எப்படியும் மடங்கவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கிறது.

மூட்டு இறுகியவருக்குக் கத்தி இப்போது வேண்டாம். நாள்தோறும் மணிக்கணக்கில் மெல்ல இழுத்து வைக்கும் ஸ்பிளின்ட், வாரந்தோறும் கோணம் மாற்றுதல், பொறுமை. நாண் ஒட்டியவருக்கு ஒட்டை விடுவிக்கும் அறுவை உண்டு. மூன்றிலிருந்து ஆறு மாதம் நல்ல பயிற்சி செய்தும் முன்னேற்றம் நின்றுபோன பிறகு, மூட்டு இளகிய கையில்தான் அது பலிக்கும். அறுவைக்கு மறுநாளே, வலியோடு, அசைக்கத் தொடங்க வேண்டும். பயிற்சிக்கு ஆள் ஏற்பாடு இல்லாமல் இந்த அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள், திரும்ப ஒட்டிவிடும். நாணே அறுந்து நாளாகிவிட்டால் சிலிக்கான் தண்டு வைத்து, சுமார் மூன்று மாதம் கழித்து வேறிடத்து நாணை அந்தத் தடத்தில் பொருத்தும் இரண்டு கட்ட அறுவை. அது நீண்ட பாதை. விவசாயியோ தச்சரோ, ஒரு விரலின் ஒரு மூட்டுக்காக ஒரு வருடம் கொடுப்பதா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் நியாயமான முடிவே.

எங்கே போவது

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய கை மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. கோவையில் கங்கா மருத்துவமனை, வேலூரில் சி.எம்.சி. ஆகியவை கை அறுவைக்குப் பேர்பெற்றவை. ஊரிலுள்ள பிசியோதெரபிஸ்ட் கூடாது என்பதில்லை. ஸ்பிளின்டும் பயிற்சித் திட்டமும் கை பிரிவில் வாங்கிக்கொண்டு, அந்தத் தாளோடு உள்ளூரில் தொடருங்கள். தாள் இல்லாமல் போனால் பெரும்பாலும் மின்சார ஒத்தடத்தோடு முடிந்துவிடும்.

வேலையிடத்தில் அடிபட்ட இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பலனாகக் கிடைக்கும். முதலாளிக்குப் பயந்து ஆறாவது வாரம் மெஷினுக்குத் திரும்புபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பன்னிரண்டு வாரம் கடந்த பிறகு வீட்டு வேலைகளே நல்ல பயிற்சி. நான் முதலில் பல்லாங்குழிச் சோழி பொறுக்கினேன், பிறகு கோலப்பொடி, பிறகு பூக்கட்டு, கடைசியில் முறுக்கு உரல். ஒட்டு விடுவிக்கும் அறுவைக்கு முன் என் சுண்டுவிரல் நுனி உள்ளங்கையைத் தொட நாலரை சென்டிமீட்டர் மீதி இருந்தது. இப்போது ஒன்று. ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையின் ஸ்கேலால் அளந்து காலண்டரில் குறித்து வைப்பேன். நீங்களும் முதல் வாரத்திலிருந்தே ஒரு தாளில் குறியுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.