மகசூல் என்ற ஒரு சொல்

அன்புள்ள வேப்பந்தட்டை வாசகிக்கு,

சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு முடித்த கையோடு எழுதியதாகச் சொல்லியிருந்த உங்கள் கடிதம் கிடைத்தது. "ஓட்டுப்பெட்டி முன்னால் எனக்குக் குழப்பம் வந்ததில்லை. கிராம சபையில்தான் எதற்குக் கை தூக்குவது, எதற்குச் சும்மா இருப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கினால் நானும் தூக்கிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு உறுத்துகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த உறுத்தல் பல பேருக்கு உண்டு. அதனால் உங்களுக்கு மட்டும் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி இங்கே பதில் சொல்கிறேன்.

2019 டிசம்பரில் உங்கள் ஊரில் ஆளுக்கு நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நான்குமே ஆளைப் பார்த்துப் போடுகிற ஓட்டு. இன்னார் நம்மவர், இன்னார் வந்தால் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுக் குத்திவிட்டு வரலாம். கிராம சபையில் நம் முன்னால் வைக்கப்படுவது ஒரு வாசகம். அதை ஏற்கிறோமா இல்லையா என்பதுதான் கேள்வி. மறைப்பு கிடையாது, சின்னம் கிடையாது, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். ஆளைப் பார்த்துப் பழகிய கண்ணால் வாசகத்தைப் பார்க்கப் போவதால்தான் நீங்கள் சொல்லும் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன்.

என் இளவயதில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் ரோட்டோரம் ஏழு புளியமரங்கள் நின்றன. வருஷா வருஷம் அவற்றின் மகசூலை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் புளி உலுக்கிக்கொண்டு போவார், ஊராட்சிக்குக் கொஞ்சம் பணம் வரும். ஒரு கூட்டத்தில் "புளியமரம் ஏலம்" என்று வேகமாக வாசித்தார்கள். வழக்கமானதுதானே என்று நாங்கள் தலையாட்டினோம். பச்சை அட்டை போட்ட நீள நோட்டு கைமாறி வந்தது. எனக்கு முன்னால் நாற்பது கையெழுத்து இருந்தது, நானும் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். ஓடிப்போய்த் தடுத்தோம். வந்தவர் சாந்தமாக ஒரு நகலை நீட்டினார். அதில் "புளியமர மகசூல்" என்று இல்லை, "புளியமரங்கள்" என்று இருந்தது. மரத்தையே வெட்டி எடுத்துக்கொள்ள ஏலம். கீழே என் கையெழுத்து, எழுத்துப் பிசகாமல். ஏமாற்றினார்களா, அவசரத்தில் ஒரு சொல் விட்டுப்போனதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஏழு மரமும் அந்த வாரமே போய்விட்டது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்றுதான். தீர்மானத்தின் முழு வாசகத்தையும் என் காதால் கேட்கும்வரை கை மடியை விட்டு எழும்பாது. "ரோடு விஷயம்", "ஏரி விஷயம்" என்று தலைப்பு மட்டும் சொன்னால் போதாது. எந்த ரோடு, எங்கிருந்து எதுவரை, எந்த நிதியில் எவ்வளவு, யார் பொறுப்பில் என்பதெல்லாம் வாசகத்தில் இருக்க வேண்டும். "இன்னொரு தரம் வாசிங்க சார்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. கேட்பது எதிர்ப்பும் ஆகாது. பாதிச் சிக்கல் இந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் இரண்டாம் தரம் வாசிக்கும்போது வாசிப்பவரே நிதானிப்பார்.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்ததற்குப் போடுகிற கையெழுத்து வேறு, ஒப்புக்கொண்டதற்குப் போடுகிற கையெழுத்து வேறு. கூட்டத்துக்குக் கோரம் தேவை. ஊரின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும். அதைக் காட்டத்தான் வருகைக் கையெழுத்து. உள்ளே நுழைந்ததும் அதைப் போடுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் தலைப்பில் "வருகை" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே வெற்றிடமாக விட்ட பக்கத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வெற்றிடத்தில் பிறகு என்ன ஏறும் என்பதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் வருஷத்துக்கு நான்கு தரம்போல, ஒரு வாசகத்தை ஏற்கிறோமா இல்லையா என்ற கேள்விகளுக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஓட்டு நாளுக்குச் சில வாரம் முன்பே, ஒவ்வொரு கேள்வியையும் இரு தரப்பு வாதத்தையும் விளக்கும் சிறு புத்தகம் வீட்டுக்கே வந்துவிடும். நமக்கு அப்படி வராது. ஆனால் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும், கூட்டப்பொருள் என்னென்ன என்று ஊராட்சிச் செயலரிடம் போய்க் கேட்கலாம். நமக்கு வழக்கமான தேதிகளும் ரகசியமில்லை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச்சும் நவம்பரும் 2022-இல் சேர்ந்தவை. ஒரு வாரம் முன்னதாகக் கூட்டப்பொருளை வாங்கி, களையெடுக்கும்போது நாலு பேரிடம் பேசிவிட்டால், கூட்டத்தில் புதிதாக யோசிக்க வேண்டியது பெரிதாக எதுவும் இருக்காது.

கொசு ஒழிப்பு, குடிநீர்த் தொட்டி கழுவுதல் போன்றவற்றுக்குக் கை தூக்க யோசனையே வேண்டாம். நேரத்தை வரவு செலவுக்கும் பயனாளிகள் பட்டியலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு யாருக்கு என்ற பட்டியலில் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். கேட்கிற உங்களுக்குத் தெரியும், ஓட்டை ஓட்டுக்கூரை யாருடையது, மாடி வீடு யாருடையது என்று. இந்த அறிவு எந்த அதிகாரிக்கும் கிடையாது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தெருவிளக்கு, ஊராட்சி நிதி, பயனாளிகள் போன்றவை ஊரின் கைக்குள் இருப்பவை. கல்குவாரி உரிமம், மதுக்கடை போன்றவை மாவட்ட, மாநில அளவில் முடிவாகின்றவை. அவற்றில் நம் தீர்மானம் ஒரு கோரிக்கைதான். அதற்காக அது வீண் என்று சொல்ல மாட்டேன். மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பர் 23 கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அது பக்கத்து ஊர்களுக்கும் பரவி, மதுரைக்கு நடந்துபோகிற பேரணியாக வளர்ந்தது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் போட்டுவிட்டு வீட்டில் இருந்திருந்தால் நடந்திருக்காது. தீர்மானம் இல்லாமல் மதுரைக்குப் போயிருந்தால், போனவர்கள் யார் சார்பில் போனார்கள் என்று கேட்டிருப்பார்கள்.

ஒடிசாவின் நியமகிரியில் கேள்வியே சட்டப்படி கேட்கப்பட்டது. 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம், மலையில் பாக்சைட் தோண்டுவது தங்கள் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 ஊர்களில், மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்கக் கூட்டம் நடந்தது. டோங்கிரியா கோந்த் உள்ளிட்ட மக்கள் ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஊர் ஊராக வேண்டாம் என்றார்கள், பன்னிரண்டும் ஒரே பதில். எனக்கு இதில் பிடித்தது எண்ணிக்கை அல்ல. கேள்வி தெளிவாக இருந்தது, பதில் சொன்னவர்களுக்கு அது தங்கள் வாழ்க்கையில் எங்கே தொடுகிறது என்று தெரிந்திருந்தது.

மதுக்கடையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மகாராஷ்டிரத்தில் இதற்கு ரகசிய ஓட்டே இருக்கிறது. ஊர்ப் பெண்களில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் ஓட்டு நடத்துவார்கள். சீட்டில் இரண்டு படம். நிற்கிற பாட்டில் என்றால் கடை இருக்கட்டும், படுத்த பாட்டில் என்றால் கடையை மூடு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் குழம்ப முடியாத கேள்வி. அதில் ஒரு கண்டிப்பு உண்டு. வந்து போட்டவர்களில் பாதி போதாது, பட்டியலில் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலில் குத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டவளின் ஓட்டு தானாகவே நிற்கிற பாட்டிலுக்குப் போனது மாதிரிதான். நம் ஊரில் இந்த வசதி இல்லை, இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அதுவரை, எழுந்து நின்று சொல்கிற பெண்களின் எண்ணிக்கைதான் நமக்குப் பலம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "விதைக்குக் கடன் கொடுத்தவரே தீர்மானம் கொண்டுவந்தால் எப்படிக் கை தூக்காமல் இருப்பது?" இதற்கு வீரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்காச்சோளம் விளைந்து காசு கைக்கு வரும்வரை அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்கள். தனியாகப் போகாதீர்கள். மகளிர் குழுவில் இருக்கும் ஐந்தாறு பெண்களாகப் போய் ஒரே இடத்தில் உட்காருங்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில், "விவரம் போதவில்லை, அடுத்த கூட்டத்துக்கு வைக்கலாம்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஆமோதிக்கலாம். சொல்லியே ஆக வேண்டும் என்றால், "எங்கள் ஆட்சேபத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாம். பிறகு என்ன எழுதினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தீர்மான நகல் கேட்கலாம்.

கடைசியாக, கொஞ்சம் பெரிய விஷயம். 2025 ஜனவரியில் பல ஊராட்சிகளைப் பக்கத்து நகரங்களோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, அந்த மாதம் 26-ஆம் தேதி கிராம சபைகளில் எத்தனையோ ஊர்கள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நகரமானால் ரோடும் சாக்கடையும் வரும் என்பது மறுபக்கம், அதையும் நான் லேசாக நினைக்கவில்லை. உங்கள் ஊருக்கு அப்படி ஒரு கேள்வி என்றைக்காவது வந்தால் இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். பக்கத்தில் அரும்பாவூரும் பூலாம்பாடியும் பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒரே தகுதியில், கூலிக்காரரும் நிலக்காரரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிற இந்த இடம் நம்மிடம் இருக்கிறது. 2025 ஜனவரி 5-இல் உங்கள் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்த பிறகும் சபை கூடியது. தலைவர் இல்லாமல் போனாலும் அது இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் போய்வந்ததும் எழுதுங்கள். எத்தனை தீர்மானம் என்று வேண்டாம். எந்த வாசகத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னீர்கள், அப்போது அதில் என்ன காதில் விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள். பட்டறையில் வெங்காயம் நனையாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்