காவலாளி சொன்ன கணக்கு

கேள்வி: ஐயா, நாங்கள் நால்வர் உவர்மலையில் சிறிய கந்தோர் வைத்து, நிலாவெளி முதல் மூதூர் வரையான கரையோர வரைபட வேலை செய்கிறோம். பகிர்வு வட்டில் உள்ள எங்கள் கிட் களஞ்சியத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேல் கோப்புகள். ‘கிட் ஸ்டேட்டஸ்’ கேட்டால் பதில் வர 14 செக்கன் ஆகும். நண்பர் ஒருவர் சொன்னபடி வேகம் கூட்டும் தெரிவுகள் நான்கைந்தை ஒரே நாளில் போட்டேன். இப்போது ஒரு செக்கன்தான். ஆனால் போன கிழமை இன்னொருவர் தன் கணினியிலிருந்து சேர்த்த புதிய கோப்பு என் பட்டியலில் வரவேயில்லை. எந்தத் தெரிவு காரணம்? எப்படிச் சோதிப்பது?
- சி.க., திருகோணமலை

பதில்: தம்பி, 14 செக்கன் ஒன்றானதைக் கண்டு துள்ளியிருப்பீர்கள். நானும் துள்ளியிருப்பேன். கோப்பு ஒன்று காணாமல் போனபோதாவது நின்று யோசித்தீர்களே, நல்லது.

திருக்கடலூர்க் கரையில் எத்தனை வள்ளம் நிற்கிறது என்று அறிய, கரை நெடுக நடந்து ஒவ்வொன்றாக எண்ணலாம். அல்லது இரவு காவலிருந்தவரிடம், ‘நேற்றைக்குப் பிறகு வந்தது எது, போனது எது?’ என்று கேட்கலாம். கிட் வழமையாக நடந்துபோய் எண்ணும். ‘எஃப்எஸ்மொனிட்டர்’ தெரிவைப் போட்டால் காவலாளியைக் கேட்கும். 2018இல் வந்த 2.16 பதிப்பில் அதற்கு வெளியிலிருந்துதான் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பேஸ்புக் உருவாக்கிய கருவியைப் பலர் இணைத்தார்கள். அதன் பெயரே ‘வாட்ச்மேன்’! 2022இல் 2.37 பதிப்போடு வின்டோசுக்கும் மக்குக்கும் கிட்டுக்குள்ளேயே காவலாளி வந்துவிட்டார்.

இந்த உள்வீட்டுக் காவலாளி வலையமைப்பு வட்டில் வேலைக்கு வர மறுப்பார். ‘எஃப்எஸ்மொனிட்டர்.அலவ்ரிமோட்’ என்பதை நீங்களாக ‘ட்ரூ’ ஆக்கினால்தான் சம்மதிப்பார். அடுத்த கணினியில் நடந்த மாற்றம் உங்கள் கணினிக்குத் தெரியவருமா என்பது வட்டைப் பகிரும் இயந்திரத்தின் கையில் இருக்கிறது. நண்பர் தந்த பட்டியலில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். என் சந்தேகம் முதலில் விழுவது அங்கேதான்.

அடுத்த சந்தேகம் ‘அன்ட்ராக்ட் கேஷ்’ மேல். ஒரு கோப்புறையின் மாற்ற நேரம் பழையபடியே இருந்தால், உள்ளே புதிதாக ஒன்றும் இல்லை என்று அது திறந்தே பார்க்காது. எல்லா வட்டும் அந்த நேரத்தை ஒழுங்காகப் பதிவதில்லை. கிட்டை எழுதியவர்களுக்கு இது தெரியும். ‘கிட் அப்டேட்-இன்டெக்ஸ்’ கட்டளையோடு ‘டெஸ்ட்-அன்ட்ராக்ட்-கேஷ்’ என்ற தெரிவைக் கொடுத்தால், தற்காலிகக் கோப்புறை ஒன்றில் கோப்புகளைப் போட்டும் எடுத்தும் நேரம் மாறுகிறதா என்று பார்த்துச் சொல்லும். உங்கள் மடிக்கணினியின் சொந்த வட்டில் ஓட்டிப் பயனில்லை. வேலை நடக்கும் பகிர்வு வட்டிலேயே ஓட்டுங்கள்.

‘ஃபீச்சர்.மெனிஃபைல்ஸ்’ போட்டிருந்தால் அது ஒரு தெரிவு அல்ல, ஒரு பொதி. அன்ட்ராக்ட் கேஷும் அதற்குள் இருக்கிறது. 2.40 முதல், கிட் தன் கோப்புக் கணக்கை வைத்திருக்கும் அட்டவணைக் கோப்பின் (‘இன்டெக்ஸ்’) முடிவில் சரிபார்ப்பு எண் எழுதுவதையும் அது தவிர்க்கிறது, 2.13க்கு முந்திய கிட் அந்த அட்டவணையை வாசிக்கவே மாட்டாது. நால்வரும் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்?

ஆகவே எல்லாவற்றையும் அணையுங்கள். களஞ்சியத்துக்கு இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் எந்தத் தெரிவும் போடாதீர்கள், மற்றதில் ஒரேயொரு தெரிவு. இரண்டிலும் ஒரே மாற்றங்களைச் செய்யுங்கள்: கோப்புச் சேர்ப்பது, அழிப்பது, கோப்புறையின் பெயரை மாற்றுவது, கிளை தாவுவது. முக்கியமாக, அடுத்த கணினியிலிருந்து ஒன்றைப் போடுவது. ஒவ்வொரு முறையும் ஸ்டேட்டஸ் தரும் இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அந்தத் தெரிவு உங்களுக்கு ஆகாது.

கிட்டின் ஆக்கர்களே இப்படித்தான் செய்கிறார்கள். ‘கிட் டெஸ்ட்’ என்று தொடங்கும் சூழல் மாறிகளால், வழமையில் அணைந்திருக்கும் தெரிவுகளை வலிந்து போட்டு, முழுச் சோதனைத் தொகுதியையும் மறுபடி ஓட்டுவார்கள். அட்டவணையைப் பிரித்து வைக்கும் ‘ஸ்பிளிட் இன்டெக்ஸ்’ தெரிவு அப்படி ஓடியபோது சில சோதனைகள் எப்போதாவது மட்டும் தோற்றன. விடாமல் துரத்தி, கண்ணிமைக்கும் இடைவெளியில் செய்த மாற்றத்தைத் தவறவிடும் வழுவை 2018இல் பிடித்தார்கள். எப்போதாவது வரும் பிழையை ‘இன்றைக்கு வரவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள்.

வேகத்தை அதற்குப் பிறகு அளக்கலாம். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்; வட்டும் காவலாளியும் அப்போதுதான் விழிக்கிறார்கள். கிட்டின் சொந்த வேகச் சோதனைகள் மூன்று முறை ஓட்டி, மிகக் குறைந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் அளக்காதீர்கள், மடிக்கணினி சூடேறித் தானே மெதுவாகும்.

இன்னொன்று. ஒரே வேலைக் கோப்புறையை நால்வர் பகிர்வதுதான் உங்கள் வினை. பகிர்வு வட்டில் பொதுக் களஞ்சியம் மட்டும் இருக்கட்டும். ஆளுக்கொரு நகலை அவரவர் கணினியில் வைத்து வேலை செய்யுங்கள். ஒரு தெரிவும் போடாமல் அந்த 14 செக்கன் எத்தனையாகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.