காற்றை நம்பி ஓடும் கார்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பழைய சிட்ரோயென் பிஎக்ஸ் வேகன் ஒன்று விலைக்கு வருகிறது, டிக்கியில் எல்பிஜி சிலிண்டரும் இருக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். படத்தைப் பார்த்ததும், இங்கே நியூசிலாந்தில், எல்லர்ஸ்லி குதிரைப் பந்தயத் திடலில் நடந்துவந்த பழங்கார்க் கண்காட்சிதான் நினைவுக்கு வந்தது. ஆசைப்படு, தப்பில்லை. ஆனால் எதன்மேல் ஆசைப்படுகிறாய் என்று தெரிந்துகொள்.

மற்ற கார்கள் இரும்புச் சுருள்மேல் உட்கார்ந்திருக்கும், இது நைட்ரஜன்மேல். 1955இல் டிஎஸ் காரோடு பெயர்பெற்ற ஏற்பாடு. சக்கரத்துக்கு ஓர் இரும்பு உருண்டை. நடுவே ரப்பர் சவ்வு. அந்தப் பக்கம் நைட்ரஜன், இந்தப் பக்கம் எண்ணெய். பம்ப் எண்ணெயை அழுத்தியதும், படுத்திருந்த கார் மெல்ல எழும். குடும்பமே ஏறினாலும் உயரம் மாறாது. ஆனால் ஆண்டுகள் போகப் போக நைட்ரஜன் கசிந்துவிடும்.

பார்க்கப் போகும்போது இஞ்சினை ஓடவிட்டு, பின்மூலையை அழுத்து. கல் மாதிரி நின்றால் உருண்டையில் வாயு இல்லை. பானெட்டுக்குள் சில வினாடிக்கு ஒருமுறை 'டக்' என்று கேட்டால், அழுத்தத்தைச் சேமிக்கும் உருண்டையும் போய்விட்டது. மாற்றிவிடலாம், பயப்படாதே. பச்சை நிற எல்எச்எம் எண்ணெய் தவிர வேறெதையும் ஊற்றாதே; ரப்பர் சீல்கள் கெட்டுவிடும், பிரேக்கும் அதே எண்ணெயில்தான். ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் தலையை நுழைக்காதே. அழுத்தம் இறங்கினால் கார் சொல்லாமல் படுத்துவிடும்.

அடுத்து கேஸ். ஊரில் சமையல் சிலிண்டரை ஆம்னி வேனில் ஒளித்து ஓட்டியதைப் பார்த்தவர்கள் நாம். இங்கே அது நடக்காது. கேஸ் கிட்டுக்குத் தனிச் சான்றிதழ் இல்லாமல் வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் என்ற ஓட்டத் தகுதிச் சான்று கிடைக்காது. அந்தத் தாளை முதலில் கேள். காரைப் பிறகு பார்.

இந்த நாடே ஒருமுறை கேஸுக்கு மாறியது. 1979 ஜூலை 30 தொடங்கி, வாரத்தில் ஒருநாள் காரை எடுக்கக்கூடாது என்று சட்டம் போடும் அளவுக்கு எண்ணெய் நெருக்கடி. தரனாக்கிக் கடலில், மாவி வயலில் இயற்கை எரிவாயு இருந்தது. அதை அழுத்தி அடைத்த சிஎன்ஜிக்கு மாற அரசு சலுகை கொடுத்தது. 1980களின் நடுவில் ஒரு லட்சம் வண்டிகளுக்கு மேல் சிஎன்ஜியில் ஓடின. பிறகு சலுகை நின்றது, பெட்ரோல் விலையும் இறங்கியது. சிஎன்ஜி பங்க்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நல்ல கிட் வைத்திருந்தவர்களும் பெட்ரோலுக்கே திரும்பினார்கள்.

அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு போன் செய். உன் ஊரில் இந்த உருண்டைக்கு நைட்ரஜன் அடிப்பவர் யார்? வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் எல்பிஜி எங்கே கிடைக்கும்? இரண்டுக்கும் பதில் கிடைத்தால் வாங்கு, முதல் சவாரிக்கு நானும் வருகிறேன். கிடைக்காவிட்டால் படத்தை மட்டும் வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா
எல்லர்ஸ்லி