லேத் மெஷின்: பாகங்களும் அவற்றின் வேலைகளும்

இந்த மாத அறிவியல் மூலையில் லேத் மெஷினைப் பற்றிப் பார்ப்போம். தமிழில் இதற்குக் கடைசல் இயந்திரம் என்று பெயர்.

நமக்கும் லேத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு! 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கடற்கரையில் கட்டுமரம் குறைஞ்சு ஃபைபர் போட் பெருகியது. போட்டின் பின்பக்கம் டீசல் இன்ஜின். அதிலிருந்து நீளமான ஒரு ஷாஃப்ட். அதன் நுனியில் தண்ணியைத் தள்ளுற விசிறி. இந்த ஷாஃப்ட் ‘புஷ்’ என்கிற சின்ன உலோகக் குழாய்க்குள் சுத்துது. பழவேற்காடு முகத்துவாரத்தில் ஆழம் குறைவு. மணலும் உப்புத்தண்ணியும் உள்ளே போய் புஷ்ஷைத் தேய்ச்சிடும். புஷ் தேய்ஞ்சா ஷாஃப்ட் ஆட்டம் கொடுக்கும், போட் அதிரும். அன்னைக்குத் தொழிலுக்குப் போக முடியாது. பொன்னேரி பக்கம் லேத் பட்டறைக்குத்தான் தூக்கிட்டுப் போகணும். எங்க சித்தப்பா அப்படிப் போனப்போ நானும் கூடப் போனேன். பட்டறை அண்ணன் காட்டியதையும் நம்ம பாடத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

அடிப்படைத் தத்துவம்

மாங்காய் சீவும்போது மாங்காய் நிற்கும், கத்தி நகரும். லேத்தில் இரும்பு சுத்தும். வெட்டுகிற டூல் சுத்தாது, நேர்கோட்டில் மட்டும் நகரும். டூலுக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் மாறாமல் இருந்தால் கிடைப்பது சரியான உருளை. காம்பஸில் வட்டம் போடுவதும் இதே கணக்குதான். ஆகவே லேத்தின் எல்லாப் பாகங்களுக்கும் சேர்ந்து ஒரே கவலை: நடுக்கோடு விலகக் கூடாது!

முக்கிய பாகங்கள்

1. பெட்: அடியில் இருக்கும் நீளமான வார்ப்பிரும்பு உடல். கனமாக இருப்பதால் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். மேலே ரயில் தண்டவாளம் போல வழித்தடங்கள் உண்டு. மற்ற பாகங்கள் இதன்மேல்தான் நிற்கும், நகரும். பெட் தேய்ஞ்சு போனால் எந்த வேலையும் நேராக வராது.

2. ஹெட் ஸ்டாக்: இடது ஓரத்தில் அசையாமல் இருப்பது. இதற்குள்தான் ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டு இருக்கிறது. மோட்டார் பெல்ட் மூலம் இதைச் சுத்த வைக்கும். கப்பியை அல்லது கியரை மாத்தி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்பிண்டில் உள்ளே ஓட்டையானது. நீளமான கம்பியை அதற்குள் விட்டுப் பிடிக்கலாம்.

3. சக்: ஸ்பிண்டிலின் முகத்தில் இருக்கும் பிடி. மூன்று தாடை சக்கில் மூணும் ஒன்றாக நகரும், உருண்டையான பொருள் தானாகவே நடுவில் நிற்கும். நான்கு தாடை சக்கில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். கோணல் வடிவப் பொருளைப் பிடிக்க இது உதவும்.

4. டெய்ல் ஸ்டாக்: வலது பக்கம் பெட்டின் மேல் நகரும். நீளமான ஷாஃப்ட்டின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கும். டிரில் மாட்டித் துளையும் போடலாம். இதன் கூர்முனை ஸ்பிண்டிலின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லையென்றால் ஷாஃப்ட் ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் சிறுத்தும் போகும்.

5. கேரேஜ்: டூலைச் சுமந்து பெட்டின்மேல் போகும் வண்டி. இதில் அடியில் இருப்பது சேடில். அதன்மேல் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு. அதன்மேல் காம்பவுண்ட் ரெஸ்ட். இதைச் சாய்த்து வைத்தால் விசிறி மாட்டும் நுனி போன்ற சரிவான வேலை செய்யலாம். உச்சியில் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட். முன்பக்கம் கைச்சக்கரத்தோடு தொங்குவது ஏப்ரன்.

6. லீட் ஸ்க்ரூ: முன்பக்கம் உள்ள நீண்ட திருகுத் தண்டு. மரை வெட்டும்போது ஏப்ரனுக்குள் இருக்கும் பாதி நட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். உடனே கேரேஜ் சீரான வேகத்தில் நகரும்.

ஒரு புஷ் உருவாகும் விதம்

பித்தளை அல்லது கன்மெட்டல் துண்டைச் சக்கில் பிடிப்பார்கள். முதலில் முகத்தைச் சமமாக்குவார்கள். அடுத்து வெளிப்பக்கம் கடைவார்கள். டெய்ல் ஸ்டாக்கில் டிரில் மாட்டி நடுவில் துளை. அப்புறம் போரிங் டூலால் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தி வெர்னியரால் அளக்க வேண்டும். ஷாஃப்ட் உள்ளே லேசாகச் சுத்தணும், ஆனால் ஆடக்கூடாது. துளை பெரிதாகிவிட்டால் அந்தத் துண்டு வீண். சேர்க்க முடியாது, செதுக்க மட்டுமே முடியும்!

கணக்கு மறக்காதீங்க

டூல் 1 மி.மீ. உள்ளே போனால் விட்டம் 2 மி.மீ. குறையும். ஏன்? குறைவது ஆரம், அது எல்லாப் பக்கமும் குறைகிறது. 30 மி.மீ. கம்பியை 28 ஆக்க டூல் 1 மி.மீ. போனால் போதும்.

எச்சரிக்கை!

* பின்னலைச் சுருட்டிக் கட்டணும். துப்பட்டா, வளையல், தொங்கும் சட்டைக்கை கூடாது. சுத்துற சக் துணியைப் பிடித்தால் நம்மையும் சேர்த்து இழுத்துவிடும்.
* கையுறையும் போடக் கூடாது. அதே காரணம்தான்.
* சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஓட்டினால் அது பறந்து வந்து அடிக்கும்.
* இரும்புச் சுருளைக் கையால் எடுக்காதீர்கள். பிளேடு மாதிரி அறுக்கும்.
* கண்ணாடி அணிந்து வேலை செய்யணும்.

உங்களுக்குத் தெரியுமா?

* மரத்தைக் கடைவது மிகப் பழைய தொழில். அம்பாசமுத்திரம் சொப்பு சாமான்கள் கடைசல் வேலைதான்.
* இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே 1800 வாக்கில் துல்லியமாக மரை வெட்டும் லேத்தை உருவாக்கினார். அதன் பிறகே ஒரே அளவுள்ள போல்ட்டும் நட்டும் ஏராளமாகச் செய்ய வழி பிறந்தது.
* 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனம் கைக்கடிகாரம் செய்வதற்கு முன்பே லேத் செய்தது.

தோழிகளே, ஒரு வார்த்தை

லேத் வேலைக்கு ‘டர்னர்’ என்று பெயர். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு படிக்கலாம். பெண்களும் சேரலாம். இந்த வேலைக்கு முரட்டுப் பலத்தைவிடப் பொறுமையும் அளவும்தான் முக்கியம். கிழிந்த வலையைக் கண்ணி கண்ணியாகப் பின்னும் நம்ம வீட்டுப் பெண்களிடம் அது ரெண்டும் இல்லையா என்ன? நம்ம ஊரிலேயே ஒரு லேத்தும் அதை ஓட்டத் தெரிந்தவரும் இருந்தால், ஒரு புஷ்ஷுக்காகத் தொழில் கெடும் நாட்கள் குறையும்.

மூளைக்கு வேலை

1. 40 மி.மீ. ஷாஃப்ட்டை 37 மி.மீ. ஆக்க டூல் எவ்வளவு உள்ளே போகணும்?
2. லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்குக் கேரேஜை 6 மி.மீ. நகர்த்துகிறது. 2 மி.மீ. மரை வெட்ட, லீட் ஸ்க்ரூ ஒருமுறை சுற்றுவதற்குள் ஸ்பிண்டில் எத்தனை முறை சுற்றணும்?

விடை அடுத்த இதழில். அதுவரை, கரையில் நிற்கும் போட்டின் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் சொல்லுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி