மதிப்பெண்ணுக்குத் தெரியாத காயம்

நம்பிக்கை: சில அசைவுகளைச் செய்யவைத்து மதிப்பெண் இட்டால், காயமடையப்போகும் வீரரை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம்.

உண்மை: 1990-களில் அமெரிக்காவில் கிரே குக், லீ பர்ட்டன் இருவரும் உருவாக்கிய ‘ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்க்ரீன்’ என்னும் அசைவுச் சோதனையில், ஏழு அசைவுகளுக்குத் தலா 3 என மொத்தம் 21 மதிப்பெண் உண்டு, வலி எடுத்தால் அந்த அசைவுக்குச் சுழியமே. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர் 46 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளியான கட்டுரை, 14-உம் அதற்குக் குறைவும் பெற்றோரிடம் கடுங்காயம் மிகுந்திருந்ததாகக் கூறியது. இத்தனை சிறு குழுவில் பிறந்த 14, பின்னர் எல்லா ஆட்டத்துக்கும் எல்லா வயதுக்கும் எல்லைக்கோடானது விந்தையே. பல ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டு மதிப்பீடு, காயத்தை முன்னறிய இச்சோதனையைக் கொள்ள ஆதாரமில்லை என முடிவு கண்டது.

நார்வேயின் உயர்நிலைக் கால்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகள் 700-க்கும் மேற்பட்டோரைப் பெட்டியிலிருந்து குதிக்கவைத்து, தரை தொடும்போது முழங்கால் உட்புறம் சாய்வதை அளந்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அக்காலத்தில் முன் சிலுவைத் தசைநார், அதாவது தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிணைக்கும் நார், எவரும் மோதாமலே 42 முறை கிழிந்தது. கிழிந்தவர்களின் முழங்கால் சராசரியில் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்தது உண்மையே. ஆயினும் இரு சாராரின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்ததால், எங்கே கோடு கிழித்தாலும் ஆபத்தில்லாத பலர் ஆபத்துப் பட்டியலில் சேர்வதும், காயம்படுவோர் பலர் தப்பிவிடுவதும் தவிர்க்க முடியாதவை.

நம்பிக்கை: யோ-யோ சோதனையில் தேறியவருக்குக் காயம் வராது.

உண்மை: ஒலிக்கேற்ப வேகம் கூட்டி 20 மீட்டர் தொலைவை ஓடித் திரும்பும் இச்சோதனை, மீண்டும் மீண்டும் ஓடும் தாங்குதிறனை அளக்குமேயன்றி எலும்பின் நலனை அளக்காது. இதில் தேறாமல் 2018 ஜூனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான டெஸ்டை இழந்த இந்தியக் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி, பின்னர் தேறி, அவ்வாண்டே இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளிலும் ஆடினார். 2019-இல் மற்றோர் இந்திய வேகப்பந்து வீச்சாளரான ஜஸ்பிரித் பும்ராவின் கீழ்முதுகில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் தோன்றும் நுண்விரிசல், வழக்கமான கதிர்ப்படச் சோதனையில் தெரியவந்தது. அச்சோதனை கண்டது வந்துவிட்ட காயத்தை; வரப்போகும் காயத்தை அன்று. சென்னையின் போரூரில், சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலின் (ஐ.சி.சி.) அங்கீகாரம் பெற்ற ஸ்ரீராமச்சந்திரா ஆய்வகம் பந்துவீச்சாளரின் முழங்கை விதி அனுமதிக்கும் 15 பாகைக்கு மேல் நீள்கிறதா என அளப்பதும் நிகழ்காலக் கேள்விக்கான விடையே.

நம்பிக்கை: மதிப்பெண் குறைந்தோருக்கு மட்டும் தடுப்புப் பயிற்சி அளித்தால் போதும்.

உண்மை: அடுத்த காயத்துக்கான வலுவான அறிகுறி முந்தைய காயம், அதை அறிய வீரரைக் கேட்டாலே போதும். பயிற்சியோ அனைவருக்கும் உரியது. ஓட்டம், வலு, சமநிலை ஆகியவற்றை இணைத்து, ஏறத்தாழ 20 நிமிடம் நீளும் ‘ஃபிஃபா 11+’ உடல்தயாரிப்பை, 13 முதல் 17 வயதுவரையுள்ள நார்வே சிறுமியர் எவரையும் சலித்தெடுக்காமல் முழு அணிகளுக்கும் அளித்த ஆய்வில், கடுங்காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன என்பது 2008-இல் பதிவானது. ஒருவர் மண்டியிட்டு மெல்ல முன்சாய, மற்றவர் அவருடைய கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கும் பின்தொடைத் தசைப் பயிற்சியும் அதில் அடங்கும். எந்த ஊரின் மண் மைதானத்திலும் அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.