ஒன்பதாயிரமே ஓடிய ஹோண்டா

அன்புள்ள தம்பி,

இந்த இதழில் நீ எழுதிய செகண்ட் ஹேண்ட் பைக் ஒப்பீட்டை இரண்டு தடவை படித்தேன். 2014 மாடல் கவாஸாகி நிஞ்ஜா 650, 2016 மாடல் ஹோண்டா சிபிஆர் 650எஃப். இரண்டும் 649 சிசி, இரண்டும் தூரப் பயணத்துக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் டூரர், கேட்கிற விலையும் ஏறக்குறைய ஒன்று. பவர், எடை, மைலேஜ் எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறாய். எனக்கு ஆத்திரம் வந்தது வேறு இடத்தில்.

‘வெறும் ஒன்பதாயிரம் கிலோமீட்டரே ஓடிய ஹோண்டா’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாய். நாற்பத்தோராயிரம் ஓடிய நிஞ்ஜா உனக்குக் களைத்துப்போன வண்டி. யார் சொல்லிக்கொடுத்தது இதை? ஓடாத வண்டிதான் நல்ல வண்டி என்பது புரோக்கர்கள் கட்டிவிட்ட கதை. நீ எடுத்த படத்தையே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஹோண்டாவின் பின் டயர் ஓரத்தில் 0816 என்று நான்கு இலக்கம் தெரிகிறது. 2016ஆம் வருடம், எட்டாவது வாரம். கம்பெனியில் மாட்டிய டயர் இன்னும் அப்படியே கிடக்கிறது. பட்டன் தேயவில்லைதான். ஆனால் ரப்பர் செத்துவிட்டது. நகத்தை அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மழை நாளில் வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த டயரை நம்பி வண்டியைச் சாய்க்கச் சொல்வாயா?

டயரோடு முடிவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கூலன்ட்டும் வெறுமனே இருந்தே கெடும். ஃபோர்க் சீல் காய்ந்து, நாலு நாள் நன்றாக ஓட்டியதும் எண்ணெய் கசியும். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் தண்ணீரை இழுத்துக்கொண்டு துருவைக் கிளப்பும். இதில் எதையும் மீட்டர் காட்டாது.

எண்பதுகளில் சோழவரம் பந்தயங்களுக்கு வண்டி தயார்செய்த ஒரு மெக்கானிக்கிடம்தான் நான் தொழில் பழகினேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் சின்ன ஷெட். யாராவது பழைய ராஜ்தூத் 350ஐக் கொண்டுவந்தால், முதல் வேலையாக மீட்டரை அழுக்குத் துணியால் மூடிவிடுவார். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மீட்டர் எதைச் சொல்லும் என்பார். முன் சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை ஒரே விரலால் மெதுவாகத் தள்ளுவார். நேராக வரும் இடத்தில் கடுகளவு பிடித்து நின்று போனால் கோன் செட் போயிற்று. அப்புறம் பின் ஸ்பிராக்கெட்டுக்கு நேரே, அதன் கடைக்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுப்பார். பல் பாதி தெரிந்தால் செயினும் போயிற்று. அதன்பிறகுதான் சாவியையே கேட்பார்.

நீ பார்த்த நிஞ்ஜாக்காரர் ஒரு ஃபைல் நிறைய பில் வைத்திருந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். செயின் ஸ்பிராக்கெட் மாற்றியது, கோன் செட் மாற்றியது, வால்வ் கிளியரன்ஸ் பார்த்தது எல்லாம் அதில் இருக்கிறதாம். கட்டுரையே அந்த ஃபைல்தான், தம்பி! இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டரை ஒட்டி வருகிற அந்த வால்வ் வேலை நிஞ்ஜாவில் இரண்டு சிலிண்டர், எட்டு வால்வோடு முடியும். ஹோண்டாவில் நான்கு சிலிண்டர், பதினாறு வால்வ். அதை வாங்குகிறவர் தலையில்தான் அந்தச் செலவு விழும். ஆர்.சி. பதினைந்து வருடம்தான் என்பதும் உன் கட்டுரையில் இல்லை. நிஞ்ஜாவுக்கு 2029, ஹோண்டாவுக்கு 2031. இரண்டு வருடம் விலையில் பேசவேண்டிய விஷயம்.

கடைசியில் ‘அவரவர் தேவையைப் பொறுத்தது’ என்று முடித்திருக்கிறாய். காசு கொடுத்து இதழ் வாங்கியவருக்கு இது பதிலா? நான் சொல்கிறேன்: நிஞ்ஜா. வளைவிலிருந்து வெளியே வரும்போது இரட்டை சிலிண்டர் தாழ்ந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுக்கும். ஹோண்டாவை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிஞ்ஜாவின் இதே இன்ஜின் வெர்சிஸ் 650யிலும் வல்கன் எஸ்ஸிலும் இருப்பதால் பார்ட்ஸுக்கும் அலைய வேண்டாம். ஹோண்டாவில் ஏ.பி.எஸ். இருக்கிறது, அந்த நிஞ்ஜாவில் இல்லை. அது ஒன்றுக்காக ஹோண்டாவை எடுப்பவரை நான் தடுக்கமாட்டேன். நீயோ அந்தக் காரணத்தைக்கூடச் சொல்லவில்லை.

இவ்வளவு திட்டியபிறகு இதையும் சொல்லவேண்டும். உன் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து கிருஷ்ணகிரி வரை போய்வந்து எழுதிய பத்தி இருக்கிறதே, அப்படி ஒன்றைத் தமிழ் மோட்டார் எழுத்தில் நான் படித்ததில்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவர் முன்னால் சரிந்து, உள்ளங்கையை டேங்கில் ஊன்றி ஊன்றி, வாணியம்பாடி தாண்டியதும் மணிக்கட்டை உதறிக்கொண்டதை எழுதியிருக்கிறாய். பின்சீட்டில் இருப்பவரைப் பற்றி நாங்கள் யாரும் எழுதியதே இல்லை. அதை என் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அந்த ஹோண்டா இன்னும் விற்காமல் இருந்தால் மறுபடி போய்ப் பார். மீட்டரை மூடிவிட்டுப் பார். முன் டயரின் நான்கு இலக்கத்தையும், ஹேண்டில்பார் நடுவில் பிடிக்கிறதா என்பதையும் எனக்கு எழுது. டயர் ஜோடி, பிரேக் ஆயில், கூலன்ட், ஃபோர்க் சீல், வால்வ் வேலை எல்லாவற்றுக்கும் விலை விசாரித்து, கேட்கிற தொகையில் கழித்துப் போட்டு, அடுத்த இதழில் அந்தக் கணக்கை வெளியிடு.

அன்புடன்,
உன் அண்ணன்